முப்பத்துநாலு வயசுல நர்ஸ் படிப்பா?

2017-ம் வருஷம், ஐப்பசி மாசம். விடாத அடைமழை. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு, பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒரு பாட்டியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். வயது எழுபது இருக்கும். வலது கையும் காலும் விழுந்து நாலு மாசம். பேச்சு குழறல். பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, அபாயக் கட்டம் தாண்டிய பிறகு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்கப்புறம்தான் தொக்கணம் செய்யலாமா என்று கேட்டு என்னிடம் ஆள் விட்டார்கள்.

(அதுதான் சரியான வரிசை. வாய் கோணி, கை கால் விழுந்தால் முதல் ஓட்டம் ஆஸ்பத்திரிக்குத்தான். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். எண்ணெயும் தொக்கணமும் அதற்குப் பிறகுதான். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.)

நாலு மாசம் படுத்த படுக்கை என்றால் நான் முதலில் பார்ப்பது நாடியை அல்ல, முதுகை! இடுப்பு, புட்டம், குதிகால்... இங்கெல்லாம் படுக்கைப் புண் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். எப்பேர்ப்பட்ட மருந்தையும் தோற்கடிக்கிற எதிரி அது. வசதியான வீடுகளில்கூட உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஓட்டு வீட்டில் பாட்டியைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. விரிப்பு வெளுத்துச் சுத்தமாக இருந்தது. எனக்கு ஆச்சரியம்.

"யாரும்மா இவங்களைப் பார்த்துக்கிடுதது?"

"நாந்தான் ஐயா" என்றாள் கதவோரம் நின்ற மருமகள். வயது முப்பத்திரண்டு. புருஷன் லாரி டிரைவர். முந்தின வருஷம் விபத்தில் போய்விட்டான். ஒரே மகள், ஆறாவது படிக்கிறாள். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையை மாமியாருக்காக விட்டுவிட்டு, வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தாள்.

"புண்ணு வராம எப்படிம்மா பார்த்துக்கிட்டே?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்பிப் போடுவேன் ஐயா. ராத்திரிக்கு செல்போன்ல அலாரம் வச்சிருக்கேன்."

"யாரு சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லலை. பச்சப் பிள்ளையை ஒரே பக்கமாப் போட்டா தலை சப்பையாயிரும்னு திருப்பிப் போடுவோம்லா? பெரியவங்களுக்கும் அதே உடம்புதான?"

அதோடு விட்டாளா? கஞ்சி கொடுக்கும்போது பாட்டியை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு ஸ்பூன் விழுங்கிய பிறகே அடுத்த ஸ்பூன். படுக்க வைத்துக் கொடுத்தபோது புரையேறியதைக் கவனித்து, தானாகவே மாற்றிக் கொண்டாளாம். பக்கவாத நோயாளிக்குப் புரையேறி, கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருவது சகஜம். அதை இவள் தடுத்திருக்கிறாள், பெயர் தெரியாமலே!

"நீ நர்ஸுக்குப் படிச்சிருக்கணும் தாயி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பாராட்டாகத்தான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு ஒரு வருஷத்தையும் 40,000 ரூபாயையும் செலவு வைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நாலாவது ஆள்

'சித்த வைத்தியருக்கு நர்ஸ் படிப்பைப் பற்றி என்ன பேச்சு?' என்று சில வாசகர்கள் கேட்கலாம்.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துப் பாருங்கள். வைத்தியம் என்பது நாலு பேர் சேர்ந்து செய்கிற காரியம் என்கிறார் வள்ளுவர். நோயாளி, வைத்தியர், மருந்து... நாலாவதாக, பக்கத்திலேயே நின்று கவனித்துக் கொள்கிற ஆள். வண்டிக்கு நாலு சக்கரம் மாதிரி. ஒன்று கழன்றாலும் வண்டி ஓடாது.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் மாணவனாக இருந்தபோது, வார்டில் ஒரு மூத்த சிஸ்டர். நாங்கள் ஏடுகளில் உள்ள பாட்டை மனப்பாடம் பண்ணிக்கொண்டு மிதப்பாகத் திரிவோம். அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பாட்டெல்லாம் அப்புறம் சொல்லலாம். முதல்ல இந்தத் தாத்தா வலிக்காம ஒருக்களிச்சுப் படுக்க நீங்க உதவி பண்ணுங்க, பார்ப்போம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. அரை நிமிஷத்தில் அவர் செய்து காட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த நாலாவது ஆளுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வார்டுக்குள் நுழைகிறேன்.

அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கும் பேச உரிமை உண்டு. பேச வேண்டிய கடனும் உண்டு.

வெள்ளை உடுப்பு, வெறும் காகிதம்

2019 ஆனி மாசம். அந்தப் பெண் என் கிளினிக்குக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே பளபளவென்று ஒரு சர்டிபிகேட்.

"நீங்க சொன்னீங்கல்லா ஐயா... படிச்சிட்டேன்" என்றாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர்.

நடந்தது இதுதான். பாட்டி கைத்தடி ஊன்றி நடக்க ஆரம்பித்ததும், பஸ் ஸ்டாண்ட் பக்கம் 'நர்ஸிங் பயிற்சி - ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம் - வயது வரம்பு இல்லை' என்று ஒரு போர்டைப் பார்த்திருக்கிறாள். என் வார்த்தை ஞாபகம் வந்திருக்கிறது. புருஷனுடைய விபத்துப் பணத்தில் இருந்து 40,000 ரூபாய் கட்டிச் சேர்ந்துவிட்டாள். வெள்ளை உடுப்பு, தொப்பி, போட்டோ எல்லாம் உண்டு. ஊசி போடப் பழக்கினார்களாம். ஒரு வருஷம் முடிந்து, ஒரு நல்ல ஆஸ்பத்திரிக்கு வேலை கேட்டுப் போனபோது, அங்கே இருந்த நர்ஸிங் சூப்பிரண்டெண்ட் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்:

"உங்க கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்னம்மா?"

இவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"ஆயா வேலை இருக்கு, வரியான்னு கேட்டாவ ஐயா. வேலை ஒண்ணும் கேவலமில்லை. ஆனா நான் நர்ஸுன்னுல்ல மகள்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்..."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. 'படி' என்று சொன்ன நான், எங்கே படிக்க வேண்டும், எது நிஜம், எது போலி என்று ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை. தப்பு என்னுடையதும்தான். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

நோயாளிக்கு உதவி செய்கிற உதவியாளர் பயிற்சிகள் தப்பு என்று நான் சொல்லவில்லை. அதற்கும் வேலை உண்டு, மரியாதையும் உண்டு. அதை 'நர்ஸ் படிப்பு' என்று பெயர் மாற்றி விற்பதுதான் தப்பு.

அந்த நம்பரில் என்ன இருக்கிறது?

நம்ம ஊருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1871-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நர்ஸிங் பயிற்சிப் பள்ளி ஆரம்பமானது. 1926-ல் மதராஸ் செவிலியர் மற்றும் தாதியர் சட்டம் வந்தது. படித்தவர் யார், படிக்காதவர் யார் என்று பதிவேடு போட்டுப் பிரிக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்கள். 1946-ல் வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் நாலு வருஷ நர்ஸிங் பட்டப் படிப்பு தொடங்கியது. 1947-ல் நாடு முழுமைக்கும் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம். 2023-ல் நாடாளுமன்றம் இதற்கென்று புதிதாக ஒரு ஆணையச் சட்டத்தையும் நிறைவேற்றியிருக்கிறது.

அங்கீகாரம் பெற்ற இடத்தில் படித்து, பரீட்சை பாஸ் பண்ணி, மாநில கவுன்சிலில் பெயரைப் பதிந்தால் ஒரு நம்பர் கிடைக்கும். 'பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற தாதி' என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் உரிமை அதோடு வருகிறது. அரசு வேலைக்கு மனுப் போடவும், பெரிய ஆஸ்பத்திரிகளில் நர்ஸாகச் சேரவும், வெளிநாடு போகவும் அந்த நம்பர்தான் சாவி. எத்தனை வருஷம் கைப்பழக்கம் இருந்தாலும் நம்பர் இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் நர்ஸ் இல்லை.

ஏன் இத்தனை கெடுபிடி? டாக்டர் எழுதிய மருந்தின் அளவு தப்பாக இருந்தால் அதைக் கண்டுபிடித்து, "டாக்டர், இது சரிதானா?" என்று கேட்க வேண்டியவர் நர்ஸ். ராத்திரி 2 மணிக்கு நோயாளியின் மூச்சு மாறினால் முதலில் தெரிய வேண்டியது நர்ஸுக்கு. பாசம் மட்டும் இருந்தால் இது வராது. படிப்பு வேண்டும்.

கதவு சாத்துவதற்குள்...

அன்றைக்கே எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸிங் ஆசிரியைக்கு போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன வயசு?"

"முப்பத்துநாலு."

"அப்போ உடனே கிளம்பச் சொல்லுங்க. முப்பத்தஞ்சு தாண்டிட்டா கதவு சாத்திருவாங்க!"

இந்திய நர்ஸிங் கவுன்சில் விதிப்படி ஜி.என்.எம். என்ற நர்ஸிங் டிப்ளமாவில் சேர வயது 17 முதல் 35 வரை. போலிப் பள்ளி தின்ற அந்த ஒரு வருஷத்தின் அருமை அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. பணம் போனால் சம்பாதிக்கலாம். முப்பத்துநாலில் போன வருஷம் திரும்பி வருமா?

"பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்தேனே, சேர்ப்பாங்களா ஐயா?" என்று பயந்தாள். ஜி.என்.எம்.முக்கு சயின்ஸ் குரூப்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்த குரூப் ஆனாலும் ஆங்கிலத்தில் தேறி, மொத்தத்தில் 40 சதவீதம் இருந்தால் போதும். இவளுக்கு 61 சதவீதம் இருந்தது!

மிச்சம் இருந்தது பணம். வங்கியில் கல்விக் கடன் கேட்டோம். மேனேஜர், "பள்ளிக்கு அங்கீகாரக் கடிதம் இருக்கா?" என்று கேட்டார். போன தடவை அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால்... சரி, விடுங்கள். கடன் கிடைத்தது. ஆனாலும் முதல் தவணை கட்ட 15,000 ரூபாய் குறைந்தது.

அப்போது அந்தப் பாட்டி ஒரு காரியம் செய்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, விளங்குகிற இடது கையால் தன் காதைத் தொட்டுக் காட்டினார். காதில் அந்தக் காலத்துப் பாம்படம். கல்யாணத்தன்று போட்டது.

"வித்... வித்துரு" என்றார், குழறிக் குழறி.

மருமகள் மாட்டேன் என்று அழுதாள். பாட்டி விடவில்லை. வெறுங்காதோடு உட்கார்ந்து மருமகளை நர்ஸிங் பள்ளிக்கு அனுப்பி வைத்தார். மாமியார் மருமகள் சண்டையைப் பற்றி ஆயிரம் கதை எழுதுகிறோம். இதையும் எழுத வேண்டாமா?

வழிகள் என்னென்ன?

வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள், வீட்டோடு இருக்கும் பெண்கள், நடுவயதில் இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* ஏ.என்.எம்.: 2 வருஷம். பிளஸ் டூ போதும். பெண்களுக்கு மட்டும். கிராமங்களில் தடுப்பூசி போட்டு, கர்ப்பிணிகளைக் கவனிக்கும் 'நர்ஸம்மா' வேலைக்கான படிப்பு. வயது வரம்பு 35.

* ஜி.என்.எம்.: 3 வருஷம். எந்த குரூப் படித்தவரும் சேரலாம். வயது வரம்பு 35. ஆண்களுக்கும் உண்டு. ஏற்கெனவே ஏ.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர் ஜி.என்.எம்.மில் சேர வயது வரம்பே கிடையாது. இது பலருக்குத் தெரியாத பக்கவாட்டுக் கதவு!

* பி.எஸ்ஸி. நர்ஸிங்: 4 வருஷம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். இதற்கும் வரம்பு 35.

* போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி.: ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர்கள் மேலும் 2 வருஷம் படித்துப் பட்டம் வாங்கலாம்.

பிளஸ் டூவை நடுவில் விட்டவர்களா? தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதித் தேறினாலும் ஜி.என்.எம்.முக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். கல்யாணம் ஆனவர், குழந்தை உள்ளவர் படிக்கக் கூடாது என்று கவுன்சில் விதி எதுவும் இல்லை. ஆனால் அரசுப் பள்ளி, கல்லூரிகளில் இடம் கேட்பவர்கள் அந்தந்த வருஷத்து விளக்கப் புத்தகத்தில் வயது, சிறப்புப் பிரிவு பற்றிய பத்திகளை வரி விடாமல் படியுங்கள்.

ஒரே மேஜை, ரெண்டு படிப்பு

அந்தப் பெண் பள்ளியில் சேர்ந்தபோது வகுப்பில் மற்றவர்களுக்கு 17, 18 வயது. இவளை 'அக்கா' என்றார்கள். ஒரு பிள்ளை வாய் தவறி 'ஆன்ட்டி' என்றுகூடச் சொல்லிவிட்டதாம்!

முதல் வருஷம் உடற்கூறு, உடல் இயங்கியல், நுண்ணுயிரியல், மனோதத்துவம், முதலுதவி, நர்ஸிங் அடிப்படை, சமூக நலம். எல்லாம் ஆங்கிலப் புத்தகம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே மேஜையில் ஒரு பக்கம் எட்டாவது படிக்கும் மகள், மறு பக்கம் அம்மா. மகள் ஆங்கில வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுவாள். அம்மா மகளுக்கு மனித எலும்புகளைச் சொல்லிக் கொடுப்பாள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு செல்போன். காலையில் மகள் கிளாஸ், மத்தியானம் அம்மா கிளாஸ். அந்த வருஷம் நுண்ணுயிரியலில் அம்மா பெயில்!

"விட்டுரட்டுமா ஐயா?" என்று போன் பண்ணினாள்.

"பாட்டிகிட்டக் கேட்டியா?" என்றேன்.

"அத்தை ஒண்ணும் சொல்லலை. காதைத் தொட்டுக் காட்டுதாவ."

அவ்வளவுதான். மறுபரீட்சையில் பாஸ்.

ஆஸ்பத்திரி வார்டில் நிலைமை தலைகீழ். சின்னப் பிள்ளைகள் மலம், மூத்திரம், ரத்தம் என்று முகம் சுளித்தபோது, இவள் கைபாட்டுக்கு வேலை செய்தது. சிடுசிடுக்கும் நோயாளியின் சொந்தக்காரரிடம் எப்படிப் பேசுவது, பயந்த பிரசவக்காரியின் கையை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று யாரும் இவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கை ஏற்கெனவே வகுப்பு எடுத்துவிட்டதே! நடுவயதில் இந்தப் படிப்புக்கு வருகிறவர்களின் மூலதனம் இதுதான். ஆனால் அந்த மூலதனத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு. 'எனக்குத்தான் தெரியுமே' என்ற நினைப்பு! ஊசி போட இவள் போலிப் பள்ளியில் பழகிய முறை தப்பு. அதை மறந்து மறுபடி பழகத்தான் ரொம்ப நாள் ஆனதாம்.

முப்பதில் ஆரம்பித்த ஒரு பெண்

வயதைச் சொல்லித் தயங்குகிறவர்களுக்கு ஒரு நிஜக் கதை. எடித் கேவல் என்று ஒரு இங்கிலாந்துப் பெண். முதலில் பணக்கார வீடுகளில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை. 1895-ல் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், ஊருக்குத் திரும்பி வந்து கவனித்துக்கொண்டார். அப்போதுதான் இதுவே என் வேலை என்று தோன்றியது. 1896-ல், முப்பதாவது வயதில், லண்டன் மருத்துவமனையில் பயிற்சி நர்ஸாகச் சேர்ந்தார். 1907-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் புதிதாக ஆரம்பித்த நர்ஸிங் பள்ளிக்கே தலைவி! முதல் உலகப் போரில் எந்த நாட்டுச் சிப்பாய் என்று பார்க்காமல் வைத்தியம் பார்த்தார். நேச நாட்டுச் சிப்பாய்கள் தப்பிக்க உதவியதற்காக 1915 அக்டோபர் 12-ம் தேதி ஜெர்மன் ராணுவம் அவரைச் சுட்டுக் கொன்றது. இன்றும் லண்டனில் அவருக்குச் சிலை இருக்கிறது.

வீட்டில் ஒருவருக்குப் பணிவிடை செய்யப் போய், அதுவே தொழிலானது. நம்ம ஊர் மருமகளுக்கும் அந்த ஊர் மகளுக்கும் ஒரே கதைதான்!

உடம்பு ஒத்துழைக்க வேண்டாமா?

பதினெட்டில் தாங்குகிற உடம்பு முப்பத்தைந்தில் முணுமுணுக்கும். அதற்கு என் தரப்பு யோசனைகள்:

தூக்கம்: 'பகலில் தூங்காதே' என்று தேரையரின் பிணியணுகா விதி சொல்கிறது. அது ராத்திரி தூங்குகிறவர்களுக்கு! நைட் டூட்டி பார்த்தவர் பகலில் கட்டாயம் தூங்க வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். விடியும் நேரத்தில் காபி வேண்டாம்.

எண்ணெய்க் குளியல்: குளித்த அன்று பகல் தூக்கம் ஆகாது. ஆகவே நைட் டூட்டி வாரத்தில் எண்ணெயைத் தொடாதீர்கள். லீவு நாளில் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியுங்கள்.

சிறுநீர்: அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்பது சித்த மருத்துவம். அதில் சிறுநீரும் ஒன்று. வார்டு வேலையில் தண்ணீர் குடிக்காமல், போக வேண்டியதை அடக்கிக்கொண்டு நிற்கும் நர்ஸுகள்தான் அதிகம். நீர்க்கடுப்பு வருவது இதனால்தான். வேலைக்கு நடுவே ஐந்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள். வெட்கம் வேண்டாம்.

கால்: எட்டு மணி நேரம் நிற்கிற வேலை. அளவான, தட்டையான செருப்பு அல்லது ஷூ. வீட்டுக்கு வந்ததும் காலைத் தலையணை மேல் உயர்த்தி கால் மணி நேரம். நரம்பு சுருண்டு புடைத்தால் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். டாக்டரிடம் காட்டி, அதற்கான இறுக்கமான காலுறை வாங்கிப் போடுங்கள்.

இடுப்பு: நோயாளியைத் தூக்கும்போது முதுகை வளைக்காதீர்கள். முழங்காலை மடக்குங்கள். தனியாகத் தூக்காதீர்கள்.

சாப்பாடு: டூட்டிக்குக் கிளம்பும் முன் கேழ்வரகுக் கூழோ, இட்லியோ, எதையாவது சாப்பிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டுவது அல்சருக்கு அழைப்பு.

தடுப்பூசி: 'சித்த வைத்தியர் ஊசி போடச் சொல்கிறாரே' என்று சிரிக்காதீர்கள். ரத்தத்தோடு புழங்குகிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கட்டாயம் வேண்டும். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் குத்திவிட்டால் விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. இந்தப் பள்ளியின் பெயர் மாநில செவிலியர் கவுன்சில், இந்திய நர்ஸிங் கவுன்சில் பட்டியலில், இந்த வருஷத்துக்கு இருக்கிறதா? போர்டையும் நோட்டீஸையும் நம்பாதீர்கள். கவுன்சிலில் நேரடியாக விசாரியுங்கள்.

2. படிப்பு முடிந்ததும் பதிவு நம்பர் கிடைக்குமா? 'வேலை வாங்கித் தருகிறோம்' என்பது இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

3. எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி? எத்தனை படுக்கை? ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள்.

4. விடுதியில் தங்கியே ஆகவேண்டுமா? கைக்குழந்தை உள்ளவர்கள் இதை முதலிலேயே கேளுங்கள்.

5. மூன்று வருஷத்துக்கும் மொத்தச் செலவு எவ்வளவு? உடுப்பு, புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

'ஒரே வருஷத்தில் நர்ஸ்' என்று யாராவது சொன்னால் ஆறாவது கேள்வியே வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள்.

கழுவினேன்!

2023-ல் அந்தப் பெண்ணுக்குப் பதிவு நம்பர் வந்தது. இனி 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் இருக்கிறார். கல்விக் கடனை மாசா மாசம் அடைத்து வருகிறார். பாம்படத்தை மீட்க முடியவில்லை. அது விற்றதுதான். ஆனால் முதல் மாசச் சம்பளத்தில் பாட்டிக்கு ஒரு ஜோடி கம்மல் வாங்கிப் போட்டிருக்கிறார்.

போன தடவை பாட்டியைப் பார்க்க அந்த ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று வந்த கை. நேராகப் பாட்டியிடம் போய் நாடி பிடிக்கக் கையை நீட்டினேன்.

"ஐயா..."

திரும்பினேன். டூட்டி முடிந்து வந்த உடுப்போடு அவர் நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் தயக்கம். ஆனாலும் சொல்லிவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. அங்க குழாய்ப் பக்கத்துல சோப்பு இருக்கு. கையைக் கழுவிட்டு அத்தையைத் தொடுங்க."

பாட்டி பொக்கை வாயால் சிரித்தார். "எ... என்னையும் இப்படித்தான் பாடாப் படுத்துதா!"

முப்பது வருஷ வைத்தியன் நான். பேசாமல் போய், இருபது எண்ணும்வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன்.